முதுமையின் கணக்கில் எழுதப்படும் நோய்கள்

வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை ஓர் ஆய்வுக் குழு வீடு வீடாகச் சென்று சந்தித்தது. டிமென்ஷியா என்னும் மறதிநோய் வளரும் நாடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிவதற்காக இந்தியா, சீனா, கியூபா, பெரு உள்ளிட்ட ஏழு நாடுகளில் 11 இடங்களில் 14,960 முதியவர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் ஒரு பகுதி அது. சென்னையும் அந்த 11 இடங்களில் ஒன்று. முடிவுகள் 2008இல் லான்செட் இதழில் வெளிவந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அப்போது வைத்திருந்த டி.எஸ்.எம்-4 வரையறைப்படி கணக்கிட்டால், வேலூர்க் கிராமங்களில் மறதிநோய் கண்டவர்கள் 0.3 சதவீதம். ஆய்வுக் குழு தானே உருவாக்கிய அளவுகோலின்படி கணக்கிட்டால் 10.6 சதவீதம். அதே ஆட்கள்தான், அதே நேர்காணல்கள்தான். ஒரு கணக்கில் ஆயிரத்துக்கு மூன்று பேர். இன்னொரு கணக்கில் ஆயிரத்துக்கு நூற்றாறு பேர்.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? ஒருவருக்கு நினைவு குறைந்திருந்தால் மட்டும் டி.எஸ்.எம்-4 அதை நோய் என்று ஒப்புக்கொள்ளாது. அதனால் அவருடைய அன்றாட வாழ்க்கையும் பழக்கவழக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி குலைந்திருக்க வேண்டும். குலைந்திருக்கிறதா என்பதை வீட்டாரிடம்தான் கேட்டறிய முடியும். வீட்டார் சொன்ன பதில்களில் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. எண்பது வயதுப் பாட்டியிடம் நம் வீடுகளில் யாரும் வரவு செலவுக் கணக்கு கேட்பதில்லை. ரேஷன் கடைக்கு அனுப்புவதில்லை. சோறு தட்டில் வந்துவிடுகிறது. வெந்நீர் வைத்துக் குளிக்க அழைத்துப் போகிறார்கள். கோயிலுக்குப் பேரன் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். ஒரு வேலையும் ஒப்படைக்கப்படாதவரால் எந்த வேலை முடியாமல் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்டாலும், பெற்ற மகளின் பெயர் நாவில் வராமல் போனாலும், “வயசானா அப்படித்தான்” என்று வீடு அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

அந்த ஏற்பில் அன்பு இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். முதியவரை நோயாளி என்று முத்திரை குத்தாமல், பொறுமையோடு கூட வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். ஆனால், அந்த ஏற்பே நோயை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது என்பதைத்தான் வேலூரின் இரண்டு எண்களும் காட்டுகின்றன. இந்த ஆய்வை நடத்தியவர்கள் தங்கள் குழுவுக்கு ‘10/66’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உலகில் மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். அந்நோய் பற்றிய ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதல்ல என்பதே அந்தப் பெயரின் கணக்கு. அவர்களுடைய அளவுகோல் பள்ளிக்கூடம் போகாதவர்களை அளவுக்கு மீறி நோயாளிகள் பட்டியலில் சேர்த்துவிடுகிறதோ என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. நியாயமான ஐயம்தான். பிற்பாடு நாடு தழுவிய அளவில் நடந்த முதுமை ஆய்வின் டிமென்ஷியாப் பிரிவு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கலாம் என்று 2023இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது கூடுதலாக இருந்தது. உண்மை 0.3 சதவீதத்துக்குப் பக்கத்தில் இல்லை என்பது இப்போது தெளிவு.

மனச்சோர்வுக்கு வருவோம். அங்கேயும் இதே இடைவெளிதான் காத்திருக்கிறது.

2017-18இல் நடந்த இந்திய முதுமை நீள்தொடர் ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டு விதமாக விசாரித்தது. உங்களுக்கு மனச்சோர்வு இருப்பதாக எந்த மருத்துவராவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 0.8 சதவீதம். அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பிட்டபோது 8.3 சதவீதம் பேர் தீவிர மனச்சோர்வின் எல்லைக்குள் இருந்தார்கள். பத்து மடங்கு. பன்னிரண்டு முதியவர்களில் ஒருவர் மனச்சோர்வில் இருக்கிறார். அப்படி இருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தமக்கு வந்திருப்பது நோய் என்று யாரும் சொல்லவில்லை.

இது புதிய செய்தியும் அல்ல. இந்தியாவில் முதியோர் மனநல மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் ஏ. வெங்கோபராவ். அவரும் டி. மாதவனும் மதுரைக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பகுதியில் முதியவர்களிடம் எடுத்த கணக்கு 1982இல் வெளியாயிற்று. ஆயிரத்துக்கு 89 பேருக்கு மனநோய் இருந்தது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வுதான். வெளிநாட்டுப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு நம் கிழவர்களுக்கும் இது வரக்கூடும் என்று ஊகிக்க வேண்டிய நிலையில் தமிழகம் ஒருநாளும் இருந்ததில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் சிகிச்சை போய்ச் சேரவில்லை? மருத்துவர் பற்றாக்குறை என்ற விடை உடனே வரும். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அது உண்மையான காரணம்தான். ஆனால் அதற்கு முந்தைய தடை ஒன்று இருக்கிறது. நம் முதியவர்கள் மனச்சோர்வோடு மருத்துவரிடம் போவதில்லை. கைகால் குடைச்சலோடு போகிறார்கள். மேலெல்லாம் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, கிறுகிறுப்பு, வாய்க்கசப்பு, வயிற்றில் வாயு, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை என்று சொல்கிறார்கள். “சோறு இறங்கல டாக்டர்” என்று ஒரு மூதாட்டி சொன்னால் அதற்கு அல்சர் மருந்து எழுதப்படுகிறது. கணவர் இறந்து எட்டு மாதமாகிறது என்பதும், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக மூட்டை கட்டிக்கொண்டு மாறிமாறிப் போய் இருக்கிறார் என்பதும் அந்தச் சீட்டில் ஏறுவதில்லை. நோயாளியைப் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் ஏறவும் வழியில்லை. நாட்டில் 60 வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், எத்தனை வயிற்றுவலிகளுக்குப் பின்னால் சொல்லப்படாத துக்கம் இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உலகெங்கும் முதியோர் மனச்சோர்வை அளக்கப் பயன்படும் கேள்வித்தாள் 1980களில் அமெரிக்காவில் யெசவாஜ் என்ற மருத்துவரின் குழு உருவாக்கியது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும். மூட்டுவலியும் தூக்கக்குறைவும் வயதானவர்களிடம் எப்படியும் இருக்கும் என்பதால், உடல் அறிகுறிகளை அந்தத் தாள் வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கிறது. அதன் தர்க்கம் சரியானதே. ஆனால் துயரத்தை உடம்பின் மொழியிலேயே பேசிப் பழகிய ஒருவரிடம், உடம்பைப் பற்றிப் பேசாதே, மனத்தைப் பற்றி மட்டும் ஆம் இல்லை சொல் என்றால் அவருக்கு வாய் அடைத்துப்போகிறது. கேட்பவர் முதலில் வலியைக் கேட்டு, அந்த வழியாகத்தான் மனத்துக்குள் போக முடியும். நல்ல கிராமத்து நர்சுகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

கண்டுபிடிக்காமல் விடுவதற்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல. வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் நிகழும் ஒவ்வொரு இறப்பையும், வீட்டாரிடம் விசாரித்துக் காரணத்தோடு பதிவு செய்யும் பணியைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. அந்தப் பதிவுகளை வைத்து, 55 வயதைக் கடந்தவர்களிடையே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 189 என்று 2005இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காவல்துறைப் பதிவுகளின்படி அக்காலத்தில் நாடு முழுமைக்கும், எல்லா வயதினருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட விகிதம் லட்சத்துக்குச் சுமார் 11. அதே வட்டாரத்தில் எல்லா வயதினரையும் வைத்துப் பிறகு நடந்த ஆய்வொன்று, ஆபத்தைக் கூட்டும் காரணங்களாக எதையெல்லாம் கண்டது? தொடரும் நெருக்கடி, நாள்பட்ட உடல்வலி, தனியாக வாழ்வது, நெருங்கிய உறவொன்று அண்மையில் முறிந்துபோவது. இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பருவம் எது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூட்டுவலிக்கு ஒழுங்கான மருத்துவம் பார்ப்பதும் தற்கொலைத் தடுப்புதான் என்பது இதன் நேர்ப்பொருள்.

முதுமை மனச்சோர்வு குணமாகக்கூடிய நோய். இளையவர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல உயர்த்தி, பொறுத்திருந்து பார்க்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுத்துச் சுருண்டு படுத்துவிட்ட கடுமையான நிலையில் மின் அதிர்வுச் சிகிச்சை உயிர் காக்கும். நம் சினிமாக்கள் அதைச் சித்திரவதையாகவே காட்டிக்காட்டி மக்களை மிரட்டிவைத்திருக்கின்றன. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுக்காமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்திருக்கிறது என்பதை மிரண்டுபோயிருக்கும் குடும்பங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மறதிநோய் போலத் தோற்றம் காட்டும் மனச்சோர்வும் உண்டு. அனுபவமுள்ள மருத்துவர் இரண்டையும் பதில் சொல்லும் பாங்கிலேயே ஓரளவு பிரித்தறிவார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால், மனச்சோர்வில் இருப்பவர் யோசிக்கக்கூட முயலாமல் “தெரியல” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறதிநோய் தொடங்கியவர் பெரும்பாலும் சமாளிப்பார், பேச்சை மாற்றுவார், “கிழமையெல்லாம் எனக்கெதுக்குப்பா” என்று சிரிப்பார். முன்னவரை மறதிநோயாளி என்று மூலையில் உட்காரவைத்துவிட்டால், மீட்கக்கூடிய ஒருவரை நாமே கைவிட்டவர்கள் ஆகிறோம்.

ஒரே இரவில் மாறுபவர்கள்

குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு நிலை டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பம். நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தாத்தா இன்று சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார்; செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்கிறான் என்கிறார்; ராத்திரி முழுக்கத் தூங்காமல் துணியைப் பிய்க்கிறார்; பகலில் மயங்கிக் கிடக்கிறார். பேய் பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது, காலம் நெருங்கிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படும். பெரும்பாலும் காரணம் உடம்பில் இருக்கும். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது, தண்ணீர் குடிக்காமை, பல நாள் மலச்சிக்கல், புதிதாக எழுதப்பட்ட ஒரு மாத்திரை. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களிடம் இது மிகச் சாதாரணம். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வரும். குழப்பநிலை மணிக்கணக்கில் வரும். இந்த ஒரு வேறுபாட்டை ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருந்தால் போதும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடத் தோன்றும்.

சோடியத்தைப் பற்றி ஒரு சொல். ரத்தக்கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு வீட்டில் உப்பையும் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளும் சோடியத்தைக் குறைக்கும். மூன்றும் சேரும்போது குழப்பம் வருகிறது. அதனால்தான் முதியவருக்கு மருந்து எழுதும் ஒவ்வொரு மருத்துவரும் அவர் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளையும் மேசையில் கொட்டிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அந்தக் குவியலில் பெரும்பாலும் ஒரு தூக்க மாத்திரை இருக்கும். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு என்று தொடங்கி, பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கி, பல வருடமாக விழுங்கும் முதியவர்கள் நம்மிடையே நிறைய. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தொகுத்தார். இன்றும் புதுப்பிக்கப்பட்டுவரும் அந்தப் பட்டியலில் இவ்வகை மாத்திரைகள் இருக்கின்றன. நினைவை மங்கவைக்கும், இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகையில் கால் தடுமாறவைக்கும். விழுந்தால் இடுப்பு. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மருமகளின் உடம்பு

மறதிநோய் முற்றும்போது வீட்டைக் குலைப்பது மறதி அல்ல, சந்தேகமும் கோபமும்தான். “என் வளையலை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா” என்று மாமியார் தெருவில் நின்று சொல்லும்போது மருமகளுக்கு எப்படி இருக்கும்? பொழுது சாய்ந்ததும் “என் வீட்டுக்குப் போகணும்” என்று கதவைப் பிராண்டுபவரை அவருடைய சொந்த வீட்டிலேயே எத்தனை நாள்தான் சமாதானம் செய்வது? இதை நோயின் அறிகுறி என்று ஒருவர் விளக்கிச் சொல்லும்வரை, பழைய குடும்பச் சண்டையின் தொடர்ச்சி என்றே இரு தரப்பும் எடுத்துக்கொள்கிறது. மாமியார் வேண்டுமென்றே செய்கிறார் என்று மருமகள் நம்புகிறார். மருமகள் கொடுமைக்காரி என்று அக்கம்பக்கம் நம்புகிறது. நம் ஊரில் நடக்கும் பல குடும்பப் பிளவுகளுக்கு அடியில் பெயரிடப்படாத மறதிநோய் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அமைதிப்படுத்த மருந்து கேட்டு வருகிறார்கள். மனப்பிறழ்வுக்கான மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. தவிர்க்க முடியாதபோது குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தரலாம். முதலில் செய்ய வேண்டியவை வேறு. வலி இருக்கிறதா, மலச்சிக்கலா, பசியா, வெளிச்சம் போதவில்லையா, காது கேட்கவில்லையா என்று பார்ப்பது. அவர் சொல்வதை மறுத்து வாதாடாமல் இருப்பது. கவனித்துக்கொள்பவருக்கு ஓய்வு தருவது.

இந்தக் கடைசிக் கூறுதான் தமிழகத்தில் ஏறக்குறைய இல்லாதது. கவனித்துக்கொள்பவர் மருமகளாகவோ மகளாகவோ வயதான மனைவியாகவோ இருப்பார். அவருக்குத் தூக்கம் இல்லை, வேலையை விட்டிருப்பார், கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக முடியாது. அவருடைய முதுகுவலியையும் அழுகையையும் யாரும் கேட்பதில்லை. பாராட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பொறுமைசாலி என்று பட்டம் கொடுத்து ஒரு பெண்ணின் உடம்பை எரிப்பதைக் குடும்பப் பண்பாடு என்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

கோவாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு எளிய வழியைக் காட்டியது. மறதிநோயாளி இருக்கும் 81 குடும்பங்களில் ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தொடர்ந்து சென்றார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். நோயை விளக்கினார்கள், அன்றாடத் தொல்லைகளைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், தேவைப்பட்டபோது மனநல மருத்துவரிடம் இணைத்துவிட்டார்கள், அரசு உதவிகளைப் பெற வழிசொன்னார்கள். கவனித்துக்கொள்பவர்களின் மனநலம் மேம்பட்டது.

அதே கோவாவில், அமித் டயஸ் தலைமையிலான குழு மனச்சோர்வையே வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் 60 வயதைக் கடந்த 181 பேர் பங்கேற்றார்கள். லேசான சோர்வு இருந்தவர்கள். நோய் என்று சொல்லும் அளவுக்கு முற்றாதவர்கள். பாதிப் பேருக்கு, மருத்துவப் படிப்பில்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நான்கு உதவிகள் செய்தார்கள்: பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்கும் பயிற்சி, தூக்கத்தைச் சீராக்கும் பழக்கங்கள், சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்ளும் விளக்கம், அரசுத் திட்டங்களைப் பெறத் துணை. ஓராண்டில் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 14.4 சதவீதம் பேர் தீவிர மனச்சோர்வுக்கு ஆளானார்கள். ஆலோசனை பெற்றவர்களில் 4.4 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு. ஆய்வு சிறியதுதான். ஆனால் அந்த நான்காவது உதவியைக் கவனியுங்கள். ஓய்வூதியம் கிடைக்காமல் அலைவதும் மனநலப் பிரச்சினைதான் என்று அந்த ஆய்வாளர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். கைரேகை பதியவில்லை என்று மூன்று முறை வங்கியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கிழவியிடம் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

வாசல்வரை வந்துவிட்ட வழி

தமிழகத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021இல் 13.6 சதவீதம் என்பது அரசு மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம். 2031இல் 18.2 சதவீதம் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவர் முதியவராக இருக்கும் காலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இதற்கான அடித்தளம் நம்மிடம் இல்லாமல் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் முதியோர் மருத்துவ மேற்படிப்பு நாட்டிலேயே முதலில் 1996இல் தொடங்கியது. அதற்குப் பாதை போட்டவர் வி.எஸ். நடராஜன். மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மறதிநோய்ப் பராமரிப்பிலும் இறங்கியிருக்கிறது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கட்டிலை விட்டு எழாதவருக்குக் கிண்டி எவ்வளவு தூரம்? முதியோர் மனநலத்தில் மருத்துவமனை கட்டுவது இரண்டாவது வேலை. நோயாளி தானாக வரமாட்டார். வீட்டாரும் அழைத்து வரமாட்டார்கள். அதனால், போய்ப் பார்ப்பதே முதல் வேலை.

அப்படிப் போகும் கால்களும் நம்மிடம் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. அந்தத் தன்னார்வலருக்கு ஊரின் ஒவ்வொரு கிழவர் கிழவியும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கம். மாத்திரை அட்டையை நீட்டும் அதே நேரத்தில் இரண்டு கேள்விகளை அவர் கேட்கலாம். இந்த இரண்டு வாரமாக மனசு விட்டுப்போன மாதிரி, சோர்ந்து சோர்ந்து வருகிறதா? முன்பு ஆசையாகச் செய்தது எதிலாவது இப்போது பிடிப்பில்லாமல் போயிற்றா? மருத்துவ உலகம் முதற்கட்டச் சோதனையாகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் கேள்விகள்தான் இவை. ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் செய்தி போக வேண்டும். அவர் முடிவு செய்யத் தயங்கினால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருக்குப் போக வேண்டும். மூன்றாவதாக வீட்டாரிடம் ஒரு கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்பு இருந்ததைவிட இவர் மறதியிலோ பேச்சிலோ மாறியிருக்கிறாரா?

தன்னார்வலர்கள் ஏற்கெனவே வேலைப்பளுவில் திணறுகிறார்கள் என்பது தெரியும். ஊக்கத்தொகையை உயர்த்தாமல் இந்தப் பணியையும் அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். பயிற்சியும் தேவை, கேட்டுவிட்டு அனுப்புவதற்கு இடமில்லையென்றால் கேட்காமலிருப்பதே மேல். எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு மருந்துகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். மாவட்ட மனநல மருத்துவர் வட்டத்துக்கு வரும் நாளில், வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போக வண்டி வேண்டும். கவனித்துக்கொள்பவர் மூச்சுவிடுவதற்கு, வாரத்தில் இரண்டு நாளாவது முதியவரை விட்டுவிட்டுப் போகக்கூடிய பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றியத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

கண்ணையும் காதையும் இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட முடியாது. மறதிநோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் ஆணையம் கூறியது. அது பட்டியலிட்ட 14 காரணிகளில் செவித்திறன் குறைவு ஒன்று. புதிதாகச் சேர்க்கப்பட்ட இரண்டில் பார்வைக்குறைவு ஒன்று. கண்புரை விஷயத்தில் தமிழகம் உலகுக்கே முன்மாதிரி. 1976இல் மதுரையில் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்கள் எத்தனையோ பேருக்குப் பார்வையைத் திருப்பித் தந்திருக்கின்றன. காதுக்கு அப்படி ஓர் இயக்கம் பிறக்கவில்லை. காது கேட்காத முதியவர் முதலில் பேச்சிலிருந்து விலகுகிறார், பிறகு திண்ணையிலிருந்து, பிறகு எல்லாவற்றிலிருந்தும். ‘காது மிஷின்’ வாங்கித் தருவதை வீண்செலவு என்று எண்ணும் குடும்பம், அதே ஆளுக்குத் தூக்க மாத்திரை வாங்கித் தருகிறது.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து மாதம் பத்தாயிரம் ரூபாய்வரை பராமரிப்புத் தொகை பெறலாம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பப் பெறலாம். தேவையான சட்டம். சாப்பாடும் மருத்துவமும் மறுக்கப்பட்டவருக்கு அது ஆயுதம். பெற்ற பிள்ளைமேல் மனுக் கொடுக்க மனம் வராமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டிருப்பவருக்கு எந்தச் சட்டமும் எட்டுவதில்லை.

அவரை எட்டக்கூடியவர்கள் நாம்தான். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ, ஊரிலோ, தொலைபேசியின் மறுமுனையிலோ எழுபதைக் கடந்த ஒருவர் இருப்பார். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதோடு நிறுத்தாமல், மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். “எனக்கென்ன, போற காலம்” என்று பதில் வந்தால் அதைப் பேச்சுவழக்கு என்று கடந்துபோகாதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குழப்பம் திடீரென்று வந்திருந்தால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் டெலி மானஸ் எண் 14416. முதியோருக்கான தனி உதவி எண் 14567. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.